மச்சம் எடுத்து வெச்சியாடா பேராண்டி?

வாடா பேராண்டி, உக்காரு. டெல்லிப் பக்கம் மாடி வூடு கட்டுறவங்களுக்கு நீயும் பங்காளி ஆயிட்டியாமே, ஒங்கம்மா சொன்னா. பக்கத்துத் தெரு பங்காளிகிட்ட வரப்புத் தகராறுல மொகம் பாத்துப் பேசறது கெடையாது. குர்கான்ல ஒரு பங்காளி கெடச்சிருக்கான்னா நல்ல சமாச்சாரந்தான். மாசி மகத்துக்கு வரச் சொல்லி ஒரு கடுதாசி போடு. ஊர்ல கூட்டம் நெரியும், நம்ம வூட்டுத் திண்ணையில படுத்துக்கட்டும்.

கோவிச்சுக்காத. எனக்கு என்னா தெரியும்? நம்ம விருத்தாசலம் பீங்கான் பேட்டையில பொம்மைக்கும் அகல் வெளக்குக்கும் ப்யூஸ் கேரியருக்கும் சூளை போட்டுக்கிட்டுக் கெடந்தவன். பாலக்கரையில டீ குடிக்கப் போனா, பேப்பர்ல சினிமாப் பக்கத்தையும் கொலப் பக்கத்தையும் ஆளுக்கு ஒண்ணா உருவிக்குவானுங்க. மிச்சம் கெடக்கிற வியாபாரப் பக்கந்தான் கெழவனுக்கு வரும். அதுதான் என் படிப்பு. நீ யோசனை கேக்கலங்கிறியா? பரவால்ல, கேக்காததுக்கும் சேத்துச் சொல்றன்.

நீ வாங்கினது டி.எல்.எஃப். ஷேராம். பழைய குடும்பந்தான், கொற சொல்ல முடியாது. 1946-ல சௌத்ரி ராகவேந்திர சிங்னு ஒருத்தரு ஆரம்பிச்சது. டெல்லியில ஹௌஸ் காஸ், கிரேட்டர் கைலாஷ், சவுத் எக்ஸ்டென்ஷன்னு மனை பிரிச்சு வித்தாரு. அப்பறம் அந்த வேலைய அரசாங்கமே எடுத்துக்கிச்சு, பொழப்பு படுத்துருச்சு. அவரு மருமவன் கே.பி. சிங் பட்டாளத்துல இருந்து வந்தவரு. குர்கான்ல விவசாயிங்க வூடு வூடா ஏறி எறங்கி, கல்யாணம் காட்சிக்குப் போயி, ஆயிரக்கணக்கான ஏக்கர் வாங்கினாரு. 2020-ல அவரு எறங்கி மவன் ராஜீவ் சிங்க நாற்காலியில உக்கார வெச்சாரு. மாமனாரு, மருமவன், பேரன்னு மூணு தலமொற. நம்ம பக்கம் மாமனார் தொழிலப் பாத்துக்கிட்டா வூட்டோட மாப்ளன்னு கேலி பேசுவம். அவருக்கு 2010-ல பத்மபூஷணே குடுத்தாங்க. வூட்டோட மாப்ளையா போறதுன்னா எந்த வூடுன்னு பாத்துப் போவணும், அம்புட்டுதான்.

இப்பக் கணக்குக்கு வா. 2007 ஜூன்ல ஊர்ச் சனங்களுக்கு ஷேர் வித்தாங்க. ஒண்ணு 525 ரூவா, மொத்தம் 9,187 கோடி. அதுக்கு முன்னாடி நம்ம நாட்டுல வந்த ஐ.பி.ஓ. எதுவும் அம்மாம் பெருசு கெடையாது. ஒருத்தன் லட்சம் ரூவா போட்டான், 190 ஷேர் கெடச்சுதுன்னு வெச்சுக்க. 2008 ஜனவரியில வெலை 1,200-ஐத் தாண்டிருச்சு. லட்சம் ரெண்டே கால் லட்சத்துக்கு மேல ஆவுது. அன்னிக்கு அவன் நடந்த நடையப் பாக்கணும், செருப்பு தரையில படாது. 2009 மார்ச்சுல 150-க்குக் கீழ வந்துச்சு, கையில 28,000 சொச்சம். சரி, ஏறும் ஏறும்னு காத்திருந்தான். 2016 தொடக்கத்துல 100 ரூவாய்க்கும் கீழ போச்சு. 190 ஷேரும் சேந்து 19,000 கூட தேறல. போட்ட 525-அ மறுபடியும் கண்ணுல பாக்க 2023 ஆச்சு. பதினாறு வருசம்! அவன் மவ பள்ளிக்கூடம் சேந்து, காலேசு முடிச்சு, கல்யாணத்துக்கு நிக்கறா. அப்பன் மொதலு மொதலாவே நிக்குது. நடுவுல ஏதோ டிவிடெண்ட் வந்துச்சு, இல்லங்கல. அதே லட்சத்த 8 பர்சன்ட் வட்டிக்குப் போட்டு, வட்டியையும் எடுக்காம மறந்துருந்தா 3,40,000-க்கு மேல ஆயிருக்கும். மறதிக்காரன் ஜெயிச்சான், கெட்டிக்காரன் தோத்தான்.

"தாத்தா, நான் 2007-ல வாங்கல, இப்பதான வாங்கறன்"ங்கிறியா? சபாஷ். அவனும் 2007-ல இப்பதாண்டா வாங்கினான்.

ஒனக்கு எத்தினி ஷேரு? நாப்பதா? கம்பெனியில மொத்தம் 247 கோடிக்கு மேல இருக்கு. அதுல குடும்பத்துகிட்ட மட்டும் 74 பர்சன்ட். வெளியாளுங்க கையில 25-ஆவது இருந்தே ஆவணும்னு 2010-ல சட்டம் கொண்டாந்தாங்க. இல்லன்னா அதுவும் வூட்டுக்குள்ளயே இருந்திருக்கும். காசிக்கு வீசம் ஒசத்தி நம்ம ஊருன்னு பெரும பேசறமே, வீசங்கிறது பதினாறுல ஒண்ணு. ஒன்னோட பங்கு வீசத்துல வீசம், அதுல வீசம்னு நம்ம மேலக் கோபுர வாசல்ல நின்னு சொல்ல ஆரம்பிச்சா, கெழக்கு வாசல் வர்ற வரைக்கும் சொல்லணும். ஆனா பேரு என்னமோ 'ஓனர்'.

இதெல்லாம் கேட்டு வித்துப்புடாத. வாங்கறது தப்புன்னு நான் சொல்லல. எப்படி வாங்கறதுன்னு இந்த ஊரே ஒரு வாட்டி காட்டியிருக்கு. சுந்தரர் பழமலைநாதர்கிட்ட பாடி 12,000 பொன்னு வாங்கினாரா? அம்மாத்தையும் திருவாரூருக்கு எப்படித் தூக்கிக்கிட்டுப் போறதுன்னு கேட்டாரு. இந்த மணிமுத்தாத்துல போடு, ஆரூர்க் கொளத்துல எடுத்துக்கன்னு உத்தரவாச்சு. ஆத்துல போட்டுட்டுக் கொளத்துல தேடுறதுன்னு ஊர்ல கேலி பேசறாங்களே, அத மொதல்ல செஞ்சவரு அவருதான். கதை அம்மாம் தூரத்துக்கு எல்லாருக்கும் தெரியும். ஆத்துல போடறதுக்கு முன்னாடி அவரு பண்ண காரியந்தான் ஒருத்தனுக்கும் ஞாபகம் இருக்காது. அந்தப் பொன்னுல ஒரு துண்டு வெட்டி, மச்சம்னு தனியா எடுத்து முடிஞ்சுக்கிட்டாரு. அங்க போயி ஒரசிப் பாக்கணுமில்ல? ஒரசினாரு. மாத்து கொறச்சல்! விட்டாரா மனுசன்? மறுபடியும் பாடினாரு. அப்பறந்தான் மாத்து சரியாச்சு.

குடுத்தது யாரு? சிவன். வாங்கினது? அவருக்குத் தோழன். கூட்டாளியாவே இருந்தும், சாமியாவே இருந்தும், ஒரு துண்டு வெட்டி வெச்சுக்கிட்டுதான் ஆத்துல போட்டாரு. நீ செல்போன்ல பச்சப் பொத்தான அமுக்கிட்டு, திருநீறு பூசிக்கிட்டு வந்து நிக்கற.

ஷேருக்கு மச்சம் எதுன்னு கேக்கறியா? ஐ.பி.ஓ.வுக்கு முன்னாடி ஒரு தடிப் புஸ்தகம் குடுப்பாங்க. அதுக்கப்பறம் வருசா வருசம் ஆண்டறிக்கை வரும். போன வருசம் சொன்னத எடுத்து இந்த வருசம் வந்தது மேல ஒரசணும். பெருசா இங்கிலீசு தெரிய வேணாம். படமெல்லாம் முன்னாடி இருக்கும், மரமும் நீச்சக் கொளமும் சிரிக்கிற கொழந்தையுமா. அதத் தாண்டு. பொடி எழுத்து எங்க ஆரம்பிக்குதோ அங்கதான் வெசயம் ஆரம்பிக்குது. அதுல 'ரிலேட்டட் பார்ட்டி'ன்னு ஒரு பட்டியல் இருக்கும். குடும்பத்துக்கும் கம்பெனிக்கும் நடுவுல நடந்த கொடுக்கல் வாங்கல் அது. நம்ம வூட்ல மொய் நோட்டு எடுத்து மொதல்ல யாரு பேரத் தேடுவ? அந்த மாதிரி அதத் தேடு.

தேடினா என்னா கெடைக்கும்? டி.எல்.எஃப்.லயே காட்டறன். அந்தக் காலத்துல கம்பெனி ஆபீசுக் கட்டடம் கட்டும். பெரும்பாலும் அத வாங்கினது டி.எல்.எஃப். அசெட்ஸ்னு இன்னொரு கம்பெனி. அது குடும்பத்துக்கு வேண்டிய கம்பெனி. கட்டுறதும் அவங்க, வாங்கறதும் அவங்க. வித்த லாபம்னு கணக்குல ஏறும், ஷேர்காரன் கை தட்டுவான். பணம் மட்டும் பாக்கியா நின்னுச்சு, கோடி கோடியா. அப்பறம் 2009 கடைசியில ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கட்டினாங்க. வாடகை கொட்டுற சைபர் சிட்டிக் கம்பெனியில 40 பர்சன்ட் குடும்பத்துக்குன்னு ஆச்சு. 2017-ல அத 11,900 கோடிக்குக் கைமாத்தினாங்க. அதுல முக்காவாசி சிங்கப்பூர் அரசாங்கத்தோட ஜி.ஐ.சி. குடுத்தது.

ஒடனே கள்ளன்னு சொல்லிடாத. அப்ப டி.எல்.எஃப். கழுத்து மட்டும் கடன்ல நிக்குது, 25,000 கோடிக்கு மேல. குடும்பம் வந்த பணத்த எடுத்துக்கிட்டு லண்டனுக்குப் போவல. 11,250 கோடி கம்பெனிக்குள்ள போட ஒத்துக்கிட்டுப் போட்டாங்க. கடன் எறங்கிச்சு, கம்பெனி நிமுந்துச்சு. நல்ல காரியம். என்னா வெலைக்குப் போட்டாங்கங்கறியா? ஷேரு 217 ரூவா 25 காசு. அது ஷேர் சந்தையக் கண்காணிக்கிற செபி சொன்ன கணக்குப்படி அன்னிக்கு உள்ள வெலைதான், தப்பு கெடையாது. சனங்க 525-க்கு ஏறின பஸ்ஸுல, பஸ்ஸுக்குச் சொந்தக்காரங்க பத்து வருசம் கழிச்சு 217-க்கு ஏறினாங்க. அதத்தான் சொல்றன். அவங்க போடற அன்னிக்கு நீயும் போட்டிருந்தா, இன்னிக்கு எனக்கு டீ வாங்கித் தந்திருப்ப. குடும்பம் எப்ப வாங்குது, எப்ப விக்குது, என்னா வெலையிலன்னு பாரு. டிவி பேச்சுக்காரன் ஆயிரம் சொல்லுவான், அவன் காசு அதுல கெடையாது.

இன்னொரு சங்கதியும் கேளு. 2006-ல மொதல் வாட்டி ஐ.பி.ஓ.வுக்கு மனு போட்டப்பவே, சின்ன ஷேர்காரங்க எங்கள விட்டுட்டாங்கன்னு செபிகிட்ட பிராது குடுத்தாங்க. மனுவ வாபஸ் வாங்கிட்டு அடுத்த வருசம் புதுசா போட்டாங்க. அப்பறம் சுதிப்தி எஸ்டேட்ஸ்னு ஒரு சின்னக் கம்பெனி, அதுக்கு மேல ஒண்ணு, அதுக்கும் மேல ஒண்ணு. எங்களுது இல்ல, வித்தாச்சுன்னாங்க டி.எல்.எஃப்.காரங்க. வாங்கினது யாருன்னு செபி தோண்டிக்கிட்டே போனா, டி.எல்.எஃப்.ல பெரிய வேலையில இருந்தவங்களோட வூட்டம்மாங்க! இதச் சொல்லாம மறைச்சாங்கன்னு 2014 அக்டோபர்ல கம்பெனியையும் அதுல பெரியவங்க ஆறு பேரையும் மூணு வருசம் சந்தைப் பக்கம் வராதன்னு செபி உத்தரவு போட்டுச்சு. ஒரே நாள்ல வெலை 28 பர்சன்ட் சரிஞ்சுது. 2015 மார்ச்சுல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தடைய ரத்து பண்ணிருச்சு. மூணு பேர்ல ரெண்டு பேரு தடை கூடாதுன்னாங்க, ஒருத்தரு மாறுபட்டாரு. அதனால நான் யாரையும் குத்தம் சொல்லல. வூட்டம்மா பேர்ல பத்திரம் இருக்குன்னா எந்த வூட்டம்மான்னு கேக்கற பழக்கம் நல்லதுங்கறன், அம்புட்டுதான். ஒங்க ஆயா பேர்ல அந்தக் கொல்லைய நான் வாங்கினப்ப எங்கண்ணன் கேக்கல? கேட்டான்.

புக்கிங்னு ஒண்ணு சொல்லி மயக்குவானுங்க. 2023 பிப்ரவரியில குர்கான்ல இதே கம்பெனி ஒரு அடுக்குமாடித் திட்டம் போட்டுச்சு. 1,137 வூடு. ஒவ்வொண்ணும் 7 கோடிக்கு மேல. மூணே நாள்ல 8,000 கோடிக்கு மேல வித்துருச்சு. படிச்சிட்டு டீக்கடையில எல்லாரும் வாயப் பொளந்தாங்க. 7 கோடிக்கு நம்ம கடைவீதியே கெடைக்கும்னான் ஒருத்தன். நீ பொளக்காத. வித்தது வேற, பணம் கைக்கு வர்றது வேற, லாபம் வேற. 2018-ல இருந்து கணக்கு மொறை மாறிப்போச்சு. பெரும்பாலும் வூட்டக் கட்டி முடிச்சுக் கையில குடுத்தாதான் வருமானம்னு எழுத முடியும். வார்ப்புல ஊத்தின கப்ப யாரும் கப்புன்னு எண்ணமாட்டம்டா. சூளையில வெந்து வெளிய வந்து, வெரலால சுண்டினா கணீர்னு கேக்கணும். டொக்குன்னா ஒடச்சுக் குப்பையில போடு, மேல எம்மாம் பளபளன்னு பூச்சு இருந்தாலும் சரி. புக்கிங் வார்ப்பு, சாவிதான் சூளை. எத்தினி வார்த்தாங்கன்னு கேக்காத, எத்தினி எறக்குனாங்கன்னு கேளு. ரேரா சட்டம் 2016-ல வந்தப்பறம் வூடு வாங்கறவன் குடுக்கிற பணத்துல 70 பர்சன்ட்டத் தனிக் கணக்குல வெச்சு அந்தக் கட்டடத்துக்கே செலவு பண்ணணும். அது வூடு வாங்கினவனுக்குக் காப்பு. ஷேர் வாங்கினவனுக்கு அப்படி ஒரு உண்டியல் கெடையாது.

காப்பு இல்லாமப் போனா என்னா ஆவும்? யூனிடெக்னு ஒரு கம்பெனி. சந்திரா குடும்பத்தோடது. 2008 ஜனவரியில ஷேரு 500-ஐத் தாண்டி நின்னுச்சு. வூட்டுக்குப் பணம் கட்டினவங்க வூடு வராமக் கோர்ட்டுப் படி ஏறினாங்க. 2017-ல அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் புடிச்சு உள்ள வெச்சாங்க. ஷேரு ஒரு ரூவாய்க்கும் கீழ வந்துச்சு. 2020 ஜனவரியில உச்ச நீதிமன்றம் நிர்வாகத்த அரசாங்கமே எடுத்துக்கட்டும்னு சொல்லுச்சு. குடும்பம் போனா போவுது, கம்பெனி நிக்கும்னு நெனைக்காத. இந்த மாதிரி எடத்துல ரெண்டும் ஒட்டிப் பொறந்தது.

சண்ட போடாத குடும்பமா பாத்து வாங்கறங்கிறியா? எங்கடா இருக்கு அது? பம்பாய்ல லோதா கம்பெனி. அப்பா மங்கள் பிரபாத் லோதா அங்க மந்திரி. 2021 ஏப்ரல்ல 486 ரூவாய்க்கு ஐ.பி.ஓ. வந்துச்சு. அண்ணன் அபிஷேக் ஒரு பக்கம், தம்பி அபிநந்தன் தனிக் கம்பெனி. 2025 ஜனவரியில அண்ணன் கம்பெனி தம்பி கம்பெனி மேல பம்பாய் ஐகோர்ட்டுல கேசு போட்டுச்சு. எதுக்கு? நெலத்துக்கு இல்ல, பணத்துக்கு இல்ல, 'லோதா'ங்கிற பேருக்கு! 5,000 கோடி நஷ்ட ஈடு வேற. பேச்சுவார்த்தைக்கு ஓய்வு பெற்ற நீதிபதி ஒருத்தர வெச்சு, நல்லவேளை ஏப்ரல்லயே சமாதானம் ஆயிட்டாங்க. நம்ம வூட்ல எங்கண்ணனும் நானும் கொல்லைக்குச் சண்ட போட்டமே, அதுல ஊர்க்காரன் எவனுக்காவது காசு நட்டமாச்சா? அங்க அண்ணன் தம்பி மொறைச்சிக்கிட்டா முன்னப்பின்ன தெரியாத ஒனக்கு இங்க வவுறு கலக்கும். அதுதான் வித்தியாசம்.

நாளைக்கு நம்ம பக்கத்துலயே வரும். சென்னையில காசாகிராண்ட் 2024 செப்டம்பர்ல 1,100 கோடி திரட்டறன்னு செபிகிட்ட வரைவுப் புஸ்தகம் குடுத்துச்சு. அதுல 1,000 கோடி கம்பெனிக்குள்ள போறது, 100 கோடி புரமோட்டருங்க அவங்க ஷேர வித்து எடுத்துக்கறது. எந்தப் புஸ்தகம் வந்தாலும் மொதல்ல இந்தப் பாகப்பிரிவினையத்தான் பாக்கணும். எம்மாம் உள்ள போவுது, எம்மாம் வூட்டுக்குப் போவுது? அப்பறம் மூணு மாசத்துக்கு ஒரு வாட்டி ஷேர்காரங்க பட்டியல் வெளியிடுவாங்க. குடும்பத்துப் பங்குல எம்மாம் அடமானத்துல இருக்குன்னு அதுல தனியா ஒரு கட்டம் போட்டிருக்கும். அந்தக் கட்டம் ஒவ்வொரு வாட்டியும் வீங்குதா பாரு. வட்டிக்கடைக்கு நடையா நடக்கிறவன் வூட்ல பொண்ணு எடுக்கமாட்டம், ஷேரு மட்டும் எடுக்கலாமா?

இம்மாத்தையும் பாத்தும் புடிச்சிருந்தா வாங்கு. ஒந் தங்கச்சி கல்யாணத்துக்கு வெச்ச காசுல மட்டும் வாங்காத. பதினாறு வருசம் காத்திருன்னு மாப்ள வூட்டுக்காரங்ககிட்ட எவன் சொல்றது?

கடைசியா ஒண்ணு. ஓட்டுப் போடச் சொல்லி ஒனக்கு மெயில் வரும், நீ பாக்காம அழிச்சிடுவ. தெரியும், ஒந் தலைவிதி. 74 பர்சன்ட் அவங்ககிட்ட இருக்கு, என் நாப்பது ஓட்டு என்னாத்த கிழிக்கும்னு நெனைப்ப. மத்த தீர்மானத்துக்கு நெசந்தான். ஆனா குடும்பமும் கம்பெனியும் தங்களுக்குள்ள பெருசா கொடுக்கல் வாங்கல் பண்ணணும்னா, அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவா குடும்பம் ஓட்டுப் போடக் கூடாதுன்னு செபி விதி இருக்கு. அன்னிக்கு ஒரு நாள் அந்த 74 பர்சன்ட் மலை பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாக்கணும். மிச்சம் இருக்கிற ஒன்ன மாதிரி எலிங்கதான் முடிவு பண்ணணும். அதுலயும் முக்காவாசி எலி தூங்கும். நீ முழிச்சிருந்து, அந்தத் தீர்மானத்துல எந்தக் கட்டடத்த யாருகிட்டேருந்து என்னா வெலைக்கு வாங்கறாங்கன்னு படிச்சிட்டு, சரின்னா சரின்னு போடு, இல்லன்னா இல்லன்னு போடு. நம்ம தொகுதியில ஓட்டுக்கு எவனாவது கவர் குடுப்பான், இதுக்கு ஒருத்தனும் வரமாட்டான். காசு வாங்காம ஓட்டுப் போட்டா எப்பிடி இருக்கும்னு ஒரு வாட்டி பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லு. இந்த வயசு வரைக்கும் எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.